யூஎஸ்பி டீபக் லாக் நடுவில் நின்றால்: ஸ்டால் ஆன எண்ட்பாயிண்ட்டை கர்னல் டிரைவர் எப்படிக் கையாள வேண்டும்?

கேள்வி ரோஸ் ஹில்லில் இருக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்தது. எபேனில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. அவர்கள் செய்து கொடுத்த ஒரு பெட்டி மொரீஷியஸின் தெற்கில் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளின் எடைமேடையை நடத்துகிறது. உள்ளே லினக்ஸ் 5.10. பெட்டியில் சீரியல் போர்ட் இல்லை என்பதால் யூஎஸ்பி 3 போர்ட்டில் இருக்கும் டிபிசி என்ற டீபக் வசதி வழியாக லேப்டாப்பில் கர்னல் லாக் பார்க்கிறார். சில நேரம் லாக் பாதியில் நிற்கிறது. பெட்டியின் டிமெசேஜில், அதாவது கர்னல் செய்திப் பட்டியலில், எண்ட்பாயிண்ட் (யூஎஸ்பியில் தரவு போய்வரும் வாசல்) ஸ்டால் என்று வருகிறது. இவரே டிரைவரில் கை வைத்து, ஸ்டால் கண்டதும் காத்திருக்கும் கோரிக்கைகளை எல்லாம் திருப்பிக் கொடுத்து, அவற்றை மறுபடி வரிசையில் போட்டு, ரன் பிட்டையும் மறுபடி எழுதி வைத்திருக்கிறார். அதற்கப்புறம் சில வரிகள் இரண்டு முறை வருகின்றன, சில வரிகளைக் காணோம். "அண்ணா, ஸ்டாலைச் சரியாக கிளியர் செய்வது எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் டிரைவரால் அதை கிளியர் செய்ய முடியாது. அது அதன் வேலையும் இல்லை. ஸ்டால் நீங்கும் வரை கணக்கு கலையாமல் காத்திருந்து, நீங்கியதும் ஹார்டுவேர் எந்த இடத்திலிருந்து தொடங்குமோ அதே இடத்திலிருந்து தானும் தொடங்குவதுதான் அதன் வேலை. நீங்கள் போட்ட ஒட்டு (பேட்ச்) அந்தக் கணக்கைத்தான் கலைக்கிறது.

முதலில் யார் ஹோஸ்ட் (பரிமாற்றத்தை நடத்துவது), யார் டிவைஸ் (அதற்குப் பதில் சொல்வது) என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கர்னல் டிரைவர் எழுதுகிறவர்கள் எப்போதும் ஹோஸ்ட் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். பென் டிரைவ் ஸ்டால் ஆனால் நாம் கிளியர் செய்வோம். டிபிசியில் இது தலைகீழ். டீபக் செய்யப்படும் பெட்டியில் இருப்பது எக்ஸ்ஹெச்சிஐ என்ற யூஎஸ்பி 3 ஹோஸ்ட் கண்ட்ரோலர்தான், ஆனால் டிபிசி இயங்கும் அந்த ஒரு போர்ட்டில் மட்டும் அது டிவைஸ் வேடம் போடுகிறது. லேப்டாப்தான் ஹோஸ்ட். எனவே உங்கள் லாக் போகும் பாதையின் பெயர் இன் எண்ட்பாயிண்ட், ஏனென்றால் யூஎஸ்பியில் திசையை எப்போதும் ஹோஸ்ட்டின் பார்வையில்தான் சொல்வார்கள். லேப்டாப்பில் நீங்கள் தட்டச்சு செய்வது பெட்டிக்கு வருவது அவுட் எண்ட்பாயிண்ட். இதை மாற்றி நினைத்து இன் பக்க பிட்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் அவுட் பக்க பிட்டைப் பார்ப்பது இந்த வேலையில் மிகவும் சாதாரணம்.

அடுத்து, ஸ்டால் என்பது "இப்போது தரவு இல்லை" என்ற பதில் அல்ல. அதற்கு யூஎஸ்பி 2இல் நாக் இருக்கிறது, யூஎஸ்பி 3இல் என்ஆர்டிஒய் இருக்கிறது. டிவைஸ் தயாரானதும் இஆர்டிஒய் அனுப்பும், ஓட்டம் தானே தொடரும். ஸ்டால் என்றால் இந்த எண்ட்பாயிண்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது, ஹோஸ்ட் வந்து எடுத்துவிடும் வரை எதுவும் போகாது, வராது. கட்டளைகளுக்கான கண்ட்ரோல் எண்ட்பாயிண்ட்டில் வரும் ஸ்டால் அடுத்த செட்அப் பாக்கெட் (கட்டளை) வந்ததும் தானே நீங்கிவிடும். மொத்தமாகத் தரவு போகும் பல்க் எண்ட்பாயிண்ட்டில் அப்படி இல்லை. டிபிசியில் உள்ள இரண்டும் பல்க்.

ஹோஸ்ட் எடுத்துவிடுவது எட்டு பைட் செட்அப் பாக்கெட் ஒன்றால். இன் எண்ட்பாயிண்ட்டுக்கு அது இப்படி இருக்கும்: 02 01 00 00 81 00 00 00. முதல் 02, கோரிக்கை ஒரு எண்ட்பாயிண்ட்டுக்கு என்கிறது. 01 என்பது கிளியர் ஃபீச்சர். அடுத்த இரண்டு சைபர், எதை கிளியர் செய்கிறோம் என்பது, அதாவது எண்ட்பாயிண்ட் ஹால்ட். 81 00 என்பது ஒன்றாம் எண் இன் எண்ட்பாயிண்ட். அவுட்டுக்கு அந்த இடத்தில் 01 00 வரும். கடைசி இரண்டு சைபர், கூடத் தரவு எதுவும் இல்லை என்பது. இதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு லேப்டாப்பில் இதைத்தான் தேடப் போகிறோம்.

இந்தப் பாக்கெட் வரும்போது உங்கள் டிரைவருக்கு எந்தத் தகவலும் வராது. டிபிசியில் கண்ட்ரோல் எண்ட்பாயிண்ட்டை ஹார்டுவேரே பார்த்துக்கொள்கிறது. அதற்கென்று ஒரு ரிங் (வேலைக் குறிப்புகளை வரிசையாக வைக்கும் வட்டப் பட்டியல்) கூட மென்பொருளிடம் இல்லை. டிரைவருக்குத் தெரிவதெல்லாம் டிபிசி கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் இருக்கும் இரண்டு பிட்கள்: 2ஆம் பிட் அவுட் பக்க ஹால்ட், 3ஆம் பிட் இன் பக்க ஹால்ட். ஸ்டால் இருக்கும்வரை 1. ஹோஸ்ட்டின் கிளியர் வந்ததும் ஹார்டுவேர் அதை 0 ஆக்கிவிடும்.

இப்போது உங்கள் ஒட்டுக்கு வருவோம். அனுப்ப வேண்டிய ஒவ்வொரு பஃபருக்கும் ரிங்கில் ஒரு டிஆர்பி இருக்கிறது, பதினாறு பைட் குறிப்பு. உங்கள் டிரைவரின் பட்டியலில் அதற்கு இணையாக ஒரு கோரிக்கை இருக்கிறது. ஸ்டால் வந்தபோது ஹார்டுவேர் எந்த டிஆர்பியில் நின்றதோ, அதன் முகவரி எண்ட்பாயிண்ட் கான்டெக்ஸ்ட் என்ற நிலைக் குறிப்பின் டீக்யூ (அடுத்து எடுக்க வேண்டியது) புலத்தில் இருக்கும். ஹோஸ்ட் கிளியர் அனுப்பியதும் ஹார்டுவேர் அங்கிருந்துதான் தொடங்கும். உங்கள் எடைமேடையை வைத்தே சொல்கிறேன்: தடுப்புக் கம்பத்தை இறக்கியது மேடைக்காரர், தூக்கப்போவதும் அவர்தான். நீங்களோ கம்பம் இறங்கியதும் வரிசையில் இருந்த லாரிகளின் சீட்டுகளை எல்லாம் ரத்து செய்து, அதே லாரிகளுக்குப் புதுச் சீட்டு போட்டு வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டீர்கள். ஆனால் பழைய சீட்டுகளைக் கிழிக்கவில்லை. கம்பம் தூக்கியதும் பழைய சீட்டுக்கும் எடை விழுகிறது, புதுச் சீட்டுக்கும் விழுகிறது. இரண்டு முறை வரும் வரிகள் இவைதான். காணாமல் போன வரிகளும் இதே இடத்தில்தான் போகின்றன: பழைய டிஆர்பி காட்டும் பஃபரில் அதற்குள் நீங்கள் வேறு எழுத்துகளை நிரப்பியிருப்பீர்கள்.

பழைய லினக்ஸ் டிரைவர் இந்த அளவுக்கு மோசமில்லை. அது ஸ்டால் பிட்டைப் பார்த்ததும் அந்த எண்ட்பாயிண்ட்டின் எல்லா டிஆர்பிகளையும் நோ-ஆப் (எதுவும் செய்யாத குறிப்பு) ஆக்கிவிட்டு, கோரிக்கைகளை ஷட்டவுன் பிழையோடு திருப்பிக் கொடுத்துவிடும். இரட்டை வரி வராது. ஆனால் காத்திருந்த லாக் மொத்தமும் போய்விடும். டீபக் கன்சோலில் அது சின்ன இழப்பு இல்லை. பெட்டி விழுந்ததற்கு முந்திய கடைசிச் சில வரிகளுக்காகத்தானே இவ்வளவு பாடும். 2024இல் எக்ஸ்ஹெச்சிஐ டிரைவரின் பராமரிப்பாளர் மத்தியாஸ் நைமன் இந்தப் பகுதியை மாற்றி எழுதினார். உங்கள் 5.10 மூலக் குறியீட்டில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவர் மூலத்தில் டிஎஸ்-ஸ்டால்ட் என்ற நிலை இன்னும் இருந்தால் உங்களிடம் இருப்பது பழையது. உங்கள் ஒட்டைத் தூக்கிவிட்டு அந்தத் திருத்தத்தைக் கொண்டுவருவதுதான் என் முதல் ஆலோசனை. ஆனால் அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு கொண்டுவாருங்கள்.

அதன் தர்க்கம் இதுதான். நடந்ததை ஹார்டுவேர் தெரிவிக்கும் ஈவென்ட் ரிங்கில் முடிவுக் குறி 6, அதாவது ஸ்டால் எரர், வந்தால் எதையும் காலி செய்யாதே. இந்த எண்ட்பாயிண்ட் நின்றிருக்கிறது என்று ஒரு கொடியை மட்டும் போடு. அப்புறம் இரண்டு கேள்விகளைக் கேள்.

ஒன்று, ஈவென்ட் சொல்லும் டிஆர்பி முகவரியும் எண்ட்பாயிண்ட் கான்டெக்ஸ்ட்டின் டீக்யூ முகவரியும் ஒன்றா? ஒப்பிடும்போது டீக்யூவின் கடைசி பிட்டை மறைத்துவிடுங்கள். அது முகவரியின் பகுதி அல்ல, சைக்கிள் நிலை, அதாவது ரிங்கின் எந்தச் சுற்று என்று காட்டும் பிட். மறைக்காமல் ஒப்பிட்டால் ரிங் ஒரு சுற்றில் சரியாகவும் அடுத்த சுற்றில் தவறாகவும் வேலை செய்யும். அந்த மாதிரிப் பிழையைத் தேடி எத்தனை இரவு வேண்டுமானாலும் போகலாம். இரண்டும் ஒன்றென்றால் ஹார்டுவேர் மறுபடியும் இதே டிஆர்பியை எடுக்கப்போகிறது என்று அர்த்தம்.

இரண்டு, ஈவென்ட் சொல்லும் மீதி நீளம் எவ்வளவு? அனுப்பாமல் மிச்சம் இருக்கும் பைட்களின் எண்ணிக்கை அது. மீதி, கோரிக்கையின் முழு நீளத்துக்குச் சமம் என்றால் ஒரு பைட் கூடப் போகவில்லை. இந்த ஸ்டால் பெரும்பாலும் பொய்யானது. கோரிக்கையை அப்படியே வைத்திருங்கள், டிஆர்பியைத் தொடாதீர்கள், காலி டிஆர்பி எண்ணிக்கையையும் கூட்டாதீர்கள். ஹார்டுவேர் திரும்ப வந்து அதையே அனுப்பும். மீதி குறைவாக இருந்தால் கொஞ்சம் போயிருக்கிறது, உண்மையான பரிமாற்றத் தகராறு. அப்போது கோரிக்கையைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் அந்த டிஆர்பியை நோ-ஆப் ஆக்கிவிட்டு.

நோ-ஆப் ஆக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு சொற்களில் முதல் மூன்றை சைபர் ஆக்கலாம். நான்காவதில் சைக்கிள் பிட்டை மட்டும் அப்படியே விட்டு, மற்றதை அழித்து, நோ-ஆப்பின் வகை எண் 8ஐப் போட வேண்டும். சைக்கிள் பிட் மாறினால் ஹார்டுவேர் அந்த இடத்தோடு ரிங் முடிந்தது என்று நினைத்து நின்றுவிடும், பின்னால் எத்தனை டிஆர்பி இருந்தாலும் பார்க்காது. மற்ற பிட்களை அழிக்கும்போது முடிந்ததும் ஈவென்ட் கொடு என்ற பிட்டும் போய்விடுவதால், அந்த நோ-ஆப்புக்கு ஈவென்ட் வராது. அதனால் காலி இடக் கணக்கை இப்போதே, ஒரே ஒரு முறை கூட்டிவிடுங்கள். எழுதியதெல்லாம் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே டோர்பெல் (வேலை இருக்கிறது என்று ஹார்டுவேருக்குச் சொல்லும் ரெஜிஸ்டர்) அடிக்க வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு எழுத்துத் தடை.

அந்தப் பொய் ஸ்டால் எங்கிருந்து வருகிறது? உங்கள் விஷயத்தில் நான் அதைத்தான் சந்தேகிக்கிறேன். சில ஹோஸ்ட் நிரல்கள் டிவைஸைத் திறந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு எண்ட்பாயிண்ட்டுக்கும் கிளியர் ஹால்ட் அனுப்பிவிடுகின்றன. ஹால்ட்டே ஆகாத எண்ட்பாயிண்ட்டுக்கு அது வரும்போது சில டிபிசி ஹார்டுவேர், பரிமாற்றம் எதுவும் நடக்காத நேரத்திலும் கூட, ஒரு ஸ்டால் ஈவென்ட்டை எழுப்பிவிடுகிறது. அதாவது ஸ்டாலை நீக்க வந்த கோரிக்கையே ஸ்டாலாகக் காட்சி தருகிறது. நீங்கள் லேப்டாப்பில் டெர்மினலை மூடித் திறக்கும்போதெல்லாம் தகராறு வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது நேரம். லினக்ஸ் டிபிசி டிரைவர் இன்டரப்ட்டை நம்பவில்லை, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானே போய்ப் பார்க்கிறது. புதிய கர்னல்களில் சும்மா இருக்கும்போது அந்த இடைவெளி இயல்பாக 64 மில்லி வினாடி. யூஎஸ்பி 3 வேகத்தில் அது ஒரு யுகம். ஸ்டால் ஆகி, ஹோஸ்ட் கிளியர் அனுப்பி, பிட் 0 ஆகி எல்லாமே இரண்டு பார்வைக்கு நடுவில் முடிந்துவிடலாம். டிரைவர் வந்து பார்க்கும்போது ஹால்ட் பிட் 0. ஆனால் ஈவென்ட் ரிங்கில் ஸ்டால் எரர் உட்கார்ந்திருக்கும். பிட்டை மட்டும் நம்பும் டிரைவர் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கும், டோர்பெல் அடிக்காது, லாக் நின்றது நின்றதுதான். அதனால்தான் கொடியை ஈவென்ட்டைப் பார்த்தும் போட வேண்டும், பிட்டைப் பார்த்தும் போட வேண்டும். எடுப்பது மட்டும் பிட்டைப் பார்த்து. கொடி இருக்கிறது, பிட் 0, வரிசையில் கோரிக்கை இருக்கிறது என்றால் டோர்பெல் அடித்துவிடுங்கள். அவுட்டுக்கு இலக்கு 0, இன்னுக்கு 1. லாக் திடீரென்று நின்று, லேப்டாப்பில் ஏதோ ஒரு எழுத்தைத் தட்டினால் மறுபடி ஓட ஆரம்பிக்கும் என்று சிலர் சொல்வார்கள். விட்டுப்போன டோர்பெல்லைத்தான் நான் அங்கே முதலில் தேடுவேன்.

இனி நீங்கள் ரன் பிட்டை மறுபடி எழுதும் இடம். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. அந்தக் கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் மூன்று வகை பிட்கள் கலந்திருக்கின்றன. ஹால்ட் பிட் இரண்டும் 1 எழுதினால் 1 ஆகும் வகை. 0 எழுதினால் ஒன்றும் ஆகாது. 4ஆம் பிட்டான ரன் மாற்றம், 1 எழுதினால் 0 ஆகும் வகை. 31ஆம் பிட்டான டிபிசி எனேபிள் சாதாரண வகை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ரெஜிஸ்டரைப் படித்து, ஒரு பிட்டைச் சேர்த்து, மொத்தத்தையும் திருப்பி எழுதுகிறீர்கள். படித்தபோது ஹால்ட் பிட் 1 ஆக இருந்து, எழுதுவதற்குள் ஹோஸ்ட் அதை கிளியர் செய்துவிட்டால், உங்கள் எழுத்து அந்த எண்ட்பாயிண்ட்டை மறுபடி ஹால்ட் ஆக்கிவிடும். ஹோஸ்ட் கிளியர் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும், அடுத்த படிப்பில் மறுபடி ஸ்டால் வாங்கும். ஸ்டால் நீங்கவே மாட்டேன் என்கிறது என்று நீங்கள் எழுதியிருந்த சம்பவம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எழுதும்போதெல்லாம் 2, 3, 4 ஆகிய பிட்களை முதலில் 0 ஆக்கி, எதைத் தொட நினைக்கிறீர்களோ அதை மட்டும் சேருங்கள்.

ரன் மாற்ற பிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டிபிசி கான்ஃபிகர்டு நிலையிலிருந்து (ஹோஸ்ட் இணைத்து வேலைக்குத் தயாரான நிலை) எதனால் வெளியே வந்தாலும் அது 1 ஆகும், 1 ஆக இருக்கும்வரை டோர்பெல் செத்த டோர்பெல். அதை கிளியர் செய்யாமல் எத்தனை முறை அடித்தாலும் பலன் இல்லை. இது ஸ்டால் அல்ல. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அதே அமைதிதான்.

பூட் ஆகும்போது லாக் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அதுவும் வேறு கதை. 2017இல் லூ பாவ்லூ எழுதி 4.12இல் வந்த ஆரம்பநிலை டிபிசி கன்சோல் இயங்கிக்கொண்டிருக்கும்போது, முழு எக்ஸ்ஹெச்சிஐ டிரைவர் ஏறி கண்ட்ரோலரை ரீசெட் செய்யும். டிபிசியும் கூடவே போய்விடும். 31ஆம் பிட் 0 ஆகியிருந்தால் நடந்தது ரீசெட். டிபிசியை முதலிலிருந்து எழுப்ப வேண்டும், ஹால்ட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்த ஆரம்பநிலை கன்சோலையோ, பேனிக் (கர்னல் விழும்) நேரத்தில் எழுதும் பாதையையோ நீங்கள் தொடுவதாக இருந்தால் சட்டங்கள் இன்னும் கடுமை. அங்கே தூங்க முடியாது, ஒர்க் கியூ (வேலையைப் பிறகு செய்யத் தள்ளும் வரிசை) கிடையாது, டிரைவரின் பூட்டை ஏற்கனவே வேறு யாராவது பிடித்திருக்கலாம். என்எம்ஐ என்ற தடுக்க முடியாத இன்டரப்ட்டிலிருந்து வந்தால் பூட்டை முயன்று மட்டும் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். ஸ்டால் கொடி இருக்கும்போது காத்திருக்காமல் உடனே பிழையோடு திரும்புவதுதான் சரி, ஏனென்றால் கேபிளின் மறுமுனையில் ஆளே இல்லாமல் இருக்கலாம். டீபக் கன்சோலுக்காக ஆலையின் பெட்டி பூட் ஆகாமல் தொங்குவது யாருக்கும் வேண்டாம். கர்னல் செய்திகளை அச்சிடும் பிரின்ட்கே-யின் உள் பஃபரில் வரிகள் எப்படியும் இருக்கின்றன. ஸ்டால் நீங்கிய பிறகு வேறு வழியில் எடுக்கலாம். அப்புறம், ஸ்டால் ஆகிவிட்டது என்று டிரைவர் அச்சிடும் செய்தி அதே ஸ்டால் ஆன கன்சோலுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனியாக ஒரு சிறிய நினைவகப் பதிவு வைத்துக்கொள்வது போதும்.

இன்னொரு சின்ன விஷயம்: ஈவென்ட்டில் வரும் எண்ட்பாயிண்ட் எண். சில சிப்செட்கள் அவுட்டுக்கு 0, இன்னுக்கு 1 என்று தருகின்றன. சில 2, 3 என்று தருகின்றன. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பலகையில் எல்லாம் சரியாக ஓடி, அடுத்த பலகையில் ஈவென்ட் எல்லாமே அடையாளம் தெரியாதவை ஆகிவிடும்.

லேப்டாப் பக்கம் பாதிப் பிரச்சினை இருக்கிறது, அதை நீங்கள் பார்க்கவே இல்லை. அங்கே ஸ்டால் என்பது −32 என்ற பிழை எண்ணாக வரும். லினக்ஸில் டிபிசியை யூஎஸ்பி-டீபக் என்ற சீரியல் டிரைவர் பிடித்து டிடிஒய் (டெர்மினல் சாதனம்) ஆகக் காட்டுகிறது. அதன் அடியில் இருப்பது பொதுவான சீரியல் வாசிப்புப் பாதை. அது −32ஐக் கண்டால் அந்த வாசிப்பை நிறுத்திவிடும், அவ்வளவுதான். தானாக கிளியர் ஹால்ட் அனுப்பாது. ஆக, பெட்டி ஹோஸ்ட்டுக்காகக் காத்திருக்கிறது, ஹோஸ்ட் வாசிப்பை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் யாராவது தொடங்கட்டும் என்று இருந்தால் லாக் எப்படி வரும்?

உங்களைப் போல ஒரே பெட்டியைப் பல வாரம் கவனிக்க வேண்டியவருக்கு நான் சொல்வது, லேப்டாப்பில் அந்த சீரியல் டிரைவரை விலக்கிவிட்டு லிப்யூஎஸ்பி என்ற நூலகத்தில் ஒரு சின்ன வாசிப்பு நிரல் எழுதிக்கொள்ளுங்கள். பல்க் வாசிப்பு −9 என்று திரும்பினால் அதுதான் லிப்யூஎஸ்பியின் மொழியில் ஸ்டால். நிலுவையில் உள்ள எல்லா வாசிப்புகளும் முடிந்தனவா என்று பார்த்து, கிளியர் ஹால்ட் அழைத்து, மறுபடி வாசியுங்கள். திறக்கும்போது சடங்காக அழைக்காதீர்கள். ஸ்டால் வந்த பிறகு மட்டும், வந்த எண்ட்பாயிண்ட்டுக்கு மட்டும். ஹால்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கோரிக்கை டேட்டா டாக்கிளை (பாக்கெட் வரிசையைக் காட்டும் 0/1 குறியை), யூஎஸ்பி 3 என்றால் வரிசை எண்ணை, சைபருக்குக் கொண்டுபோய்விடும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் பரவாயில்லை. செட்அப் பாக்கெட்டை மட்டும் நீங்களே கையால் அனுப்பி, ஹோஸ்ட் கண்ட்ரோலரிடம் சொல்லாமல் விட்டால் டிவைஸ் ஒரு எண்ணிலும் ஹோஸ்ட் வேறு எண்ணிலும் நிற்கும். அதனால்தான் நூலகத்தின் கிளியர் ஹால்ட்டைப் பயன்படுத்தச் சொல்கிறேன். அது இரண்டையும் செய்யும். கர்னலுக்குள் ஹோஸ்ட் டிரைவராகவே எழுதினால் ஒன்று: யூஎஸ்பி-கிளியர்-ஹால்ட் தூங்கக்கூடிய அழைப்பு. யூஆர்பி (கர்னலின் யூஎஸ்பி கோரிக்கை) முடிந்த கால்பேக்கில் அதை அழைக்க முடியாது. ஒரு கொடியைப் போட்டு ஒர்க் கியூவுக்குத் தள்ளிவிடுங்கள்.

கிளியர் செய்து, ஒரு பைட் கூட வராமல் மறுபடி ஸ்டால், மறுபடி கிளியர் என்று சுற்ற விடாதீர்கள். மூன்று முறைக்கு மேல் அப்படி நடந்தால் போர்ட்டை ரீசெட் செய்து டிபிசியை மறுபடி கான்ஃபிகர் ஆக விடுவது மேல். அந்த நிலைமைக்கு வந்தால் பெட்டி பக்கத்தில் டிஆர்பிகளையும் ஒரு பார்வை பாருங்கள்: ஏதாவது ஒரு பஃபர் 64 கிலோபைட் எல்லையைத் தாண்டிக் கிடக்கிறதா, முகவரி டிஎம்ஏ முகவரிதானா, அதாவது ஹார்டுவேர் நேரடியாகப் படிக்கக்கூடியதா.

எது உண்மை ஸ்டால், எது பொய் என்று பார்க்க லேப்டாப்பில் யூஎஸ்பி போக்குவரத்தைப் பதிவு செய்யும் யூஎஸ்பிமான் ஓட்டுங்கள். வயர்ஷார்க்கிலும் பார்க்கலாம். செட்அப் வரியில் 02 01 0000 0081 0000 என்று வரும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு முன்னால் இன் எண்ட்பாயிண்ட்டில் −32 இருந்தால் உண்மையான ஸ்டால். ஹோஸ்ட் சரியாகத்தான் நடந்துகொண்டது. −32 எதுவும் இல்லாமல் திடீரென்று இந்த வரி வந்தால், அந்தக் கணத்தில் பெட்டியின் டிமெசேஜில் ஸ்டால் பதிவாகியிருக்கிறதா என்று நேரத்தை ஒப்பிடுங்கள். இருந்தால் மேலே சொன்ன பொய் ஸ்டால்தான், குற்றவாளி லேப்டாப் நிரல்.

கேபிளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிபிசிக்கான ஏ-டு-ஏ டீபக் கேபிளில் மின்சாரம் கொடுக்கும் கம்பியும் யூஎஸ்பி 2இன் இரண்டு தரவுக் கம்பிகளும் இணைக்கப்பட்டிருக்காது. வேகப் பாதையின் இரு ஜோடிகளும் தரையும் மட்டும். போர்ட் லூயிஸ் கடையில் வாங்கியது சாதாரண யூஎஸ்பி 3 ஏ-டு-ஏ என்றால் அதில் எல்லாமே இணைந்திருக்கும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று 5 வோல்ட் தள்ளிக்கொண்டிருப்பது நல்லதல்ல. வெளிநாட்டிலிருந்து சரியானது வந்து சேரும்வரை, ஒரு முனையில் 1, 2, 3 ஆகிய பின்கள் மேல் வெப்பம் தாங்கும் மெல்லிய டேப் ஒட்டுங்கள். உலோகத் தொடுவாய்களில் அகலமான நான்கில், மின்சார ஓரத்திலிருந்து முதல் மூன்று. நான்காவதான தரையை மூடிவிடாதீர்கள். நீளம் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை வெட்டுக் காலத்தில் ஆலையில் பெரிய மோட்டார்கள் ஓயாமல் ஓடும்; அந்த இரைச்சலில் நீண்ட கேபிள் போட்டால் பரிமாற்றப் பிழைகள் வரத்தான் செய்யும். அவை முடிவுக் குறி 4 ஆகப் பதிவாகும். 4ஐயும் 6ஐயும் ஒரே கிளையில் கையாளுகிறீர்கள் என்று உங்கள் ஒட்டில் பார்த்தேன், பிரித்துவிடுங்கள்.

பழைய இஹெச்சிஐ (யூஎஸ்பி 2 கண்ட்ரோலர்) டீபக் போர்ட் உள்ள பெட்டி ஒன்றும் இருக்கிறது, அதற்கும் இதே குறியீடு ஆகுமா என்றீர்கள். ஆகாது. அங்கே நடுவில் தனி டீபக் டிவைஸ் ஒன்று இருக்கும், உங்கள் பெட்டி உண்மையான ஹோஸ்ட். ரிங் கிடையாது, ஒரு முறைக்கு அதிகபட்சம் 8 பைட், ரெஜிஸ்டரில் போட்டுக் கிளப்பி, முடிந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே ஸ்டால் வந்தால் கிளியர் ஃபீச்சரை நீங்கள்தான் அனுப்ப வேண்டும், டாக்கிளையும் நீங்கள்தான் டேட்டா 0வுக்குக் கொண்டுவர வேண்டும். நாக் வந்தால் ஒரு எல்லை வரை திரும்ப முயலுங்கள். ஸ்டாலை அந்த வளையத்துக்குள் விட்டால் எல்லை தீரும்வரை வீணாகச் சுற்றும்.

செய்யும் வரிசை என்று கேட்டால்: முதலில் யூஎஸ்பிமான் பதிவு ஒன்று எடுங்கள், ஸ்டால் உண்மையா பொய்யா என்று தெரியட்டும். அடுத்து கண்ட்ரோல் ரெஜிஸ்டர் எழுத்தில் 2, 3, 4 பிட்களை மறையுங்கள். இது ஐந்து நிமிட வேலை, பலன் பெரியது. பிறகு உங்கள் ஒட்டைக் கழற்றிவிட்டு 2024 திருத்தத்தை 5.10க்குக் கொண்டுவாருங்கள். எண்ட்பாயிண்ட் கான்டெக்ஸ்ட்டைப் படிக்கும் இடத்தில் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம், கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்கப்புறமும் வரிகள் இரட்டிப்பாக வந்தால், ஸ்டால் ஈவென்ட்டின் டிஆர்பி முகவரி, மீதி நீளம், டீக்யூ முகவரி மூன்றையும் ஒரே வரியில் அச்சிட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.